பட்டைச் சக்கையும் பாலாமையும்

நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறையிலிருந்து போன வாரம் ஒரு இளம் விரிவுரையாளர் போன் செய்தார். புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி செய்கிறார்களாம். பாதி தரை, பாதி தண்ணீர். "மேடம், அதுல எந்தெந்த ஊர்வன விடலாம்? உங்களுக்குத்தான் அனுபவம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

"இப்ப இருக்கற சட்டத்துக்கு ஒண்ணும் விட முடியாதும்மா. பிளாஸ்டிக் பொம்மை வைங்க" என்றேன். அந்தப் பெண் சிரித்தார். நான் தமாஷ் பண்ணவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. லிஸ்ட் கேட்டவருக்கு ஒரு தொட்டியின் கதையையே எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருந்த பெண்கள் கல்லூரி அது. பி.யு.சி. முடித்த கையோடு விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. முதல் இரண்டு வருஷம் ஜாடி கழுவினேன், ஃபார்மலின் கலந்தேன், கரப்பான் பூச்சி பிடித்தேன். தவளையைக் கண்டு அலறும் மாணவிகளுக்குத் தவளையைப் பிடித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் நான் ராத்திரி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால்தான் அம்மா சோறு போடுவார். அவ்வளவுதான் என் பயிற்சி.

துறைத் தலைவர் ரூபாவதி மிஸ். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் அவருடையது. எம்.எஸ்சி. படித்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, தினமும் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். அதட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார், இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பிராணி வந்தாலும் முதலில் அதைத் திருப்பி வயிற்றைப் பார்ப்பார். முதுகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பார்க்க மாட்டார். "லுங்கி வாங்கறவன் மேல பாப்பான். நெய்யறவன் திருப்பிப் பாப்பான். பிசிறு எல்லாம் அடியிலதான் இருக்கும்" என்பார். ஓணானோ ஆமையோ, திருப்பிப் பார்த்த பிறகுதான் அவர் மேஜைக்கு அது வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்கு விலங்கியல் பட்டப்படிப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து குழு வந்து பார்த்து அனுமதி தரவேண்டும். பட்டப்படிப்பு வந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். அது எனக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் ஊறல் குழியில் வேலை செய்தார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் போட்டு, தூக்கி, மறுபடி போட வேண்டும். நாள் முழுக்கக் கை அந்தத் தண்ணீரில்தான். என் வேலை நிரந்தரமானால் நைனாவைக் குழியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். நைனாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "நான் என்ன கிழவனா?" என்று சண்டைக்கு வருவார்.

குழுவுக்குக் காட்ட உயிருள்ள மாதிரிகள் வேண்டும். அருங்காட்சியகத்தில் ஜாடிகள் இருந்தன, உயிரோடு எதுவும் இல்லை. ரூபாவதி மிஸ் பின்கட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டச் சொன்னார். கட்டில் அளவு இருக்கும். நடுவில் ஒரு சரிவு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தரை. மேலே கம்பி வலை. வனத்துறைக்கு எழுதி அனுமதியும் வாங்கினார். அதில் யாரை விடுவது என்பதுதான் கேள்வி. நான் "எதை" என்று எழுதாமல் "யாரை" என்று எழுதுவதற்குக் காரணம் மிஸ்தான். வாடகைக்கு ஆள் வைப்பவர் மாதிரி ஒவ்வொரு பிராணிக்கும் மூன்று கேள்வி கேட்பார்.

"எங்க படுப்பான்? இன்னா தின்னுவான்? யாரைத் தின்னுவான்?"

நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர் முதலைக்குஞ்சு தருவதாகச் சொன்னார். எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு முழ நீளம்தான், பல்லி மாதிரி சாதுவாக இருக்கும் என்றார். மிஸ் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் போனதும் மிஸ் என்னைப் பார்த்தார்.

"கஸ்தூரி, யாரைத் தின்னுவான்?"

"மீனு, தவளை..."

"அது இந்த வருஷம். அஞ்சு வருஷம் கழிச்சு?"

நான் இரண்டு கையையும் விரித்து ஒரு ஆள் நீளம் காட்டினேன்.

"சம்பளம் வாங்கறவங்களைத்தான்" என்று சொல்லிவிட்டு மிஸ் வகுப்புக்குப் போய்விட்டார். அவர் தமாஷ் பண்ணி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து உடும்பு. அது வலையைக் கிழிக்கும், கிழிக்க முடியாவிட்டால் மூக்கை உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். வேண்டாம். பச்சோந்தி மரத்தை விட்டு இறங்காது, தொட்டித் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குத் தண்ணீர் என்றால் இலையில் நிற்கும் துளிதான். அதுவும் வேண்டாம்.

ஒரு மாணவியின் அப்பா கட்டம் போட்ட முதுகோடு ஒரு நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோருக்கும் ஆசை. ஆமை என்றால் தண்ணீர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மிஸ் திருப்பினார், காலைப் பார்த்தார். தூண் மாதிரி கால், விரல்களுக்கு நடுவில் சவ்வு இல்லை. "இது காஞ்ச கரட்டுல திரியற ஆளு. நம்ப தரை ஈரம். ஒரு வாரத்துல மூக்கு ஒழுகும். தண்ணியில தவறி விழுந்தா கல்லு மாதிரி மூழ்கும்" என்றார். வந்த வழியே அது மலையடிவாரத்துக்குத் திரும்பிப் போனது.

நீர்க்கோலிப் பாம்பு கடைசிவரை போட்டியில் இருந்தது. விஷம் இல்லை. தண்ணீரிலும் இருக்கும், வெளியேறி வெயிலும் காயும். ஆனால் குணம் போதாது. தொட்டால் கடிக்கும், கடித்துவிட்டு நாற்றமும் அடிக்கும். குழுவில் வருகிறவர் ஆர்வக்கோளாறில் கையை விட்டால் பட்டப்படிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியில் தேர்வானவை ஒரு பாலாமையும் இரண்டு அரணைகளும். பாலாமை தண்ணீருக்கு, அரணை தரைக்கு. ஒன்று மீனும் நத்தையும் தின்னும், மற்றது பூச்சி தின்னும். ஒருவர் தட்டில் ஒருவர் கை வைக்க மாட்டார்கள். கீழ் வீடு, மேல் வீடு மாதிரி.

பாலாமையை ஏரியில் மீன் பிடிக்கிறவர் கொண்டுவந்தார். மிஸ் அதைத் திருப்பி எனக்குக் காட்டினார். அடிவயிறு பால் நிறம். பின்கால் இரண்டுக்கும் பக்கத்தில் மெத்தென்று இரண்டு தோல் மடல். பென்சில் முனையால் பின்காலைத் தொட்டார். கால் உள்ளே போனது, மடல் கதவு சாத்துவது மாதிரி மூடிக்கொண்டது. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

"பாத்தியா? இது மூடிச்சுன்னா ஆளு நல்லா இருக்கான்னு அர்த்தம். தினமும் பாத்து எழுது" என்றார்.

இனி தரைக்கு வருகிறேன். அரணைக்குப் புதைந்து கிடக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். ஆற்று மணல் கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. நான் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் நைனா சைக்கிளில் இரண்டு கோணிப்பை பட்டைச் சக்கை கட்டிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பட்டைச் சக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோலை ஊறவைத்த பட்டையிலிருந்து சாரம் பெரும்பாலும் இறங்கியதும் மிச்சத்தை வெளியே கொட்டுவார்கள். எங்கள் பக்கம் அது எல்லாவற்றுக்கும் ஆகும். காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். வாசலில் கொட்டினால் புழுதி அடங்கும். கல்யாணப் பந்தலில் சேறு இருந்தால் அதைத்தான் பரப்புவார்கள். அதன் வாடையில்தான் நாங்கள் பிறந்தோம், பள்ளிக்கூடம் போனோம், சாப்பிட்டோம். அப்படி ஒரு வாடை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ரூபாவதி மிஸ்ஸுக்கும் தெரியாது, தினமும் அந்த டேனரிகளைத் தாண்டித்தான் அவருடைய பஸ் வந்தது.

நைனா சக்கையைத் தானே தொட்டியில் கொட்டி, கையால் தட்டிப் பரப்பினார். "சூப்பர் மெத்தை மிஸ். நம்ப தோல் ஷாப்ல இது ஜாஸ்தி. இன்னும் வேணும்னாலும் சொல்லுங்க" என்றார். மிஸ் "ம்" என்றார். நைனாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். எப்போதும்போல டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பார்க்கிறேன். அது அவர் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அரணைகள் சந்தோஷமாகப் புதைந்துகொண்டன. ஈரம் காயாமல் இருக்கச் சக்கைமேல் தினமும் காலையில் தண்ணீர் தெளித்தேன். தெளித்த தண்ணீர் சரிவில் இறங்கித் தொட்டியில் சேர்ந்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் டீ நிறமானது. "ஏரித் தண்ணி மாதிரியே இருக்கு, நல்லதுதான்" என்று பேசிக்கொண்டோம். சாப்பாட்டுக்கு விட்ட மீன்கள் மல்லாந்து மிதந்தன. வெயில் என்றோம். ஆமை சாப்பிடவில்லை. புது இடம் என்றோம். காரணத்துக்கா பஞ்சம்? தினமும் காலில் பென்சிலை வைத்தேன், கால் உள்ளே போனது, மடல் மூடியது. மூடியது என்றுதான் எனக்குப் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத் தினமும் பார்க்கிறவரால் கண்டுபிடிக்க முடியாது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

குழு வர இரண்டு நாள் இருந்தது. மிஸ் வெளியூரில் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தார். பையைக்கூட வைக்காமல் பின்கட்டுக்கு வந்து ஆமையைத் தூக்கித் திருப்பினார்.

பால் நிறம் இல்லை. பழுப்பு. மிஸ் பென்சிலால் தொட்டார். கால் உள்ளே போனது. மடல் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. குதிகால் வெளியே தெரிந்தது. மிஸ் விரலால் மடலை மெதுவாக மூடிப் பார்த்தார். விட்டதும் அது பழையபடி விறைத்து நின்றது. செருப்புக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் தோல் துண்டு மாதிரி இருந்தது.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், சக்கையைப் பார்த்தார்.

"உயிரோட பதம் பண்ணிக்கினு இருக்கோம் கஸ்தூரி" என்றார்.

ஆமையை ஒரு பேசினில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். சக்கையை வாரினோம். தண்ணீரை இறைத்தோம். தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம். மறுநாள் காலையில் அதுவும் டீ நிறமாக இருந்தது. சாரம் சிமெண்டிலேயே இறங்கியிருந்தது. அரணைகளை மிஸ் தோட்டத்தில் விடச் சொன்னார். விட்டேன்.

ஆமையை மட்டும் மறுபடி தொட்டியில் விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மிஸ், நாளைக்குக் காலையில வந்து பாத்துட்டு மத்தியானம் போய்டுவாங்க. அதுவரைக்கும் இருக்கட்டும் மிஸ். போனவுடனே எடுத்துடலாம். ஒரே ஒரு நாளு. செத்துப் போய்டாது மிஸ்."

"எங்க படுப்பான்?" என்று மிஸ் கேட்டார்.

அந்தத் தொட்டியில் எந்த மூலையைக் காட்டுவது?

"அப்ப நீர்க்கோலியாவது பிடிச்சாந்து விடலாம் மிஸ். கடிச்சா கடிச்சிட்டுப் போவுது."

"அதே தண்ணிதானே?"

எனக்கு அழுகை வந்தது. என் வேலை நிரந்தரமாவது இதில்தான் இருக்கிறது, நைனாவை நிறுத்தப் போகிறோம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ் கடைசிவரை கேட்டார். "குழுவுக்குக் குடுக்கற ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறது நான். எனக்கும் இது வேணும்" என்றார். இந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தொடங்க வேண்டும் என்றுதான் அவர் அங்கேயே இத்தனை வருஷம் இருந்தார். அது எனக்கும் தெரியும். அன்று சாயந்திரம் ஆமையை அந்தப் பேசினோடு எடுத்து, மேலே ஒரு ஈர லுங்கியைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர்.

மறுநாள் குழு வந்தது. மூன்று பேர். பின்கட்டுக்குள் நுழைந்ததும் அவர்களில் சென்னையிலிருந்து வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தொட்டியைச் சுற்றி வந்தார்.

"தொட்டி நல்லா கட்டியிருக்கீங்க. ஊர்வன எங்கே?"

"எடுத்துட்டோம் சார். தண்ணி சரியில்லை."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம் சார்" என்றார் மிஸ். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். உயிருள்ள மாதிரிகள் போதவில்லை என்று எழுதி, அந்த வருஷம் அனுமதி மறுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அனுமதி வந்தது. வேறு தொட்டி, ஆற்று மணல், ஒரு மாதம் காலியாகவே வைத்துப் பார்த்த தண்ணீர். என் வேலையும் நிரந்தரமானது. நைனா குழியை விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அங்கேயே இருந்து அருங்காட்சியகக் காப்பாளராக ஓய்வு பெற்றேன். எண்பதுகளில் சட்டம் இறுகிவிட்டது, தொட்டியில் பூச்செடி வைத்தோம். என் பணி வாழ்க்கையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். லிஸ்ட் கேட்ட விரிவுரையாளருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், அப்புறம் தரையை, கடைசியில்தான் பிராணி. வெளியூர் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வதும் நல்லது.

ஆனால் நடுவில் போன அந்த ஒரு வருஷத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது.

குழு வந்துபோய் ஒன்றரை மாதம் இருக்கும். ஒருநாள் காலை மிஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "மூடிக்கிச்சு" என்றார். "முழுசாவா மிஸ்?" என்றேன். "முழுசா. ஏரியில விட்டுட்டேன்" என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். தன் சக்கையால்தான் காரியம் கெட்டது என்று நைனாவுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பற்றி அவர் வாயே திறக்காமல் இருந்தார். இப்போது தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எப்டி இருந்துச்சு அது? விறைச்சுக்கிச்சா?"

"ஆமா நைனா. பழுப்பாயி, விறைச்சுப் போயி, பாதிக்கு மேல மூடலை."

"நல்ல தண்ணியில போட்டதும் சரியாய்டிச்சா?"

"ஒன்றரை மாசத்துல சரியாய்டிச்சு."

நைனா தட்டுக்கு மேலேயே வலது கையை விரித்தார். மெதுவாக மூடினார். நான்கு விரலும் பாதி தூரம் வந்து நின்றன. உள்ளங்கை தெரிந்தது. பழுப்பாக இருந்தது. அவரால் கையை முழுசாக மூடவே முடியாது என்பதை இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அப்போதுதான் பார்த்தேன். டம்ளரை ஏன் இரண்டு கையால் பிடிக்கிறார் என்பது புரிந்தது.

நைனா என் முகத்தைப் பார்த்தார். கையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டு சிரித்தார்.

"உங்க மிஸ்ஸாண்ட சொல்லு, என்னையும் ஒரு தபா திருப்பிப் பாக்கச் சொல்லு."

அம்மாவும் சிரித்துவிட்டார். நைனா தண்ணீர் கேட்டார், டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். மறுநாள் காலையில் எப்போதும்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு குழிக்குக் கிளம்பினார்.